ஹோர்மோன் லூப் போட்ட பிறகு

போன நோன்பு காலம். தராவீஹ் முடிந்து சோனகத்தெருவில் பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம், உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ராத்தா, ஒரு விசயம் கேக்கோணும். ஆருக்கும் சொல்லிடாதீங்க. இருபத்திரண்டு நாளா நிக்காமக் கசியுது. நோன்பும் இல்ல, தொழுகையும் இல்ல. இது ஹைழா, வருத்தமா?"

மூன்றாவது பிள்ளை கிடைத்துப் பத்துக் கிழமையில் புத்தளத்தில் ஒரு தனியார் இடத்தில் லூப் போட்டிருக்கிறாள். அது நடந்து ஐந்து மாதம். பிறகு புருசனின் வியாபாரத்துக்காகக் குடும்பம் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. எந்த லூப் என்று கேட்டேன். "விலை கூடின லூப்" என்றாள். கார்ட் எங்கே என்று கேட்டேன். புத்தளத்து வீட்டு அலுமாரியில். நூலைத் தடவிப் பார்த்தியா என்று கேட்டேன். "என்ன நூல்?" என்றாள்.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இந்த நாலு பதிலும் எனக்குப் புதிதல்ல. இந்தச் சாதனத்தால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் சின்னவை, சமாளிக்கக்கூடியவை. ஆனால் போட்ட இடம் ஒன்று, வாழும் இடம் இன்னொன்று, கார்ட் வேறொரு இடம், வெட்கம் எல்லா இடத்திலும் என்று ஆகும்போது சின்னது பெரிதாகிறது, பெரியது கண்ணுக்குப் படாமலே போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆண்களும் வாசிக்கட்டும், பஸ்ஸுக்குக் காசு கொடுப்பதும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் பெரும்பாலும் அவர்கள்தானே.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கருப்பைக்குள் வைக்கும் எதையும் நாங்கள் லூப் என்கிறோம். அறுபதுகளில் வந்த லிப்பஸ் லூப் என்ற பிளாஸ்ரிக் சாதனம் பாம்பு நெளிந்ததுபோல வளைவு வளைவாக இருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது. அந்தச் சாதனம் போய்விட்டது, பெயர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்குகளில் இலவசமாகப் போடப்படுவது செப்புக் கம்பி சுற்றிய 'டி' வடிவ லூப். ஹோர்மோன் லூப்பும் அதே 'டி' வடிவம்தான், நீளமும் ஏறக்குறைய அதேதான், 32 மில்லிமீற்றர். ஆனால் அதன் தண்டில் செப்புக்குப் பதிலாக 52 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன் அடைத்திருக்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 20 மைக்ரோகிராம் அளவில் அது கருப்பைக்குள் கசியும். மிரேனா என்ற பெயரில் பலர் அறிவர். பின்லாந்தில் இது முதன்முதலில் பாவனைக்கு வந்தது 1990இல். எங்கட சனம் ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட அதே வருசம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இங்கே இது பெரும்பாலும் பெண்நோயியல் நிபுணர் வழியாகவோ தனியாரிடமோதான் கிடைக்கிறது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட மட்டுமல்ல, மாதப்போக்கு அளவுக்கு மிஞ்சிப் போகும் பெண்களுக்குக் கருப்பையை எடுக்காமல் வைத்தியம் செய்யவும் இதைப் போடுகிறார்கள்.

இந்த இரண்டில் எது தன் உடம்புக்குள் இருக்கிறது என்று தெரியாததையே நான் முதல் சிக்கல் என்பேன். ஏனென்றால் இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. செப்பு லூப் மாதப்போக்கைக் கூட்டும். ஹோர்மோன் லூப் காலப்போக்கில் குறைக்கும். செப்பு லூப் போட்டவளுக்குப் போக்கு நின்றுவிட்டால் முதல் சந்தேகம் கர்ப்பம். ஹோர்மோன் லூப் போட்டவளுக்குப் போக்கு நிற்பது பெரும்பாலும் அதன் இயல்பான விளைவு. ஒரே 'லூப்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு மச்சி சொன்ன அனுபவத்தை மச்சாளும், மச்சாள் சொன்னதைப் பக்கத்து வீட்டாரும் தங்களுக்கு அளந்துகொண்டால் எப்படிச் சரிவரும்?

இனிக் கசிவுக்கு வருவோம். ஹோர்மோன் லூப்பை எடுத்துப் போடச்சொல்லி வரும் பெண்கள் அதிகம் சொல்லும் காரணம் இதுதான். கருப்பையின் உட்தோல் மாதாமாதம் தடித்து, பிறகு உதிர்ந்து போவதுதான் மாதப்போக்கு. இந்த ஹோர்மோன் அந்த உட்தோலை மெல்லியதாக்கி உறங்கவைக்கிறது. ஆனால் ஒரே நாளில் அல்ல. மெலிந்துவரும் அந்தக் காலத்தில் உட்தோலின் சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் நொய்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசியும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை இது நடக்கலாம். சிலருக்கு மண்ணிறத்தில் பொட்டுப் பொட்டாக, சிலருக்கு மெல்லிய போக்காகப் பல நாள். அதற்குப் பிறகு பெரும்பாலானோருக்கு அடங்கிவிடும். ஒரு வருசம் ஆகும்போது அதிக போக்கு இருந்தவர்களில் இரத்த இழப்பு பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருக்கும். ஐந்தில் ஒருத்திக்குப் போக்கே நின்றிருக்கும். இதைப் போடுவதற்கு முதலே யாராவது ஐந்து நிமிசம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், மூன்றாம் மாதத்தில் பயந்துபோய் எடுத்துப் போடுபவர்களில் பலர் பொறுத்திருப்பார்கள்.

பொறுக்கவே முடியாதவர்களுக்கு மருந்து உண்டு. மெஃபனமிக் அசிட் போன்ற வலிநிவாரணியைச் சில நாள், அல்லது போக்கைக் குறைக்கும் ட்ரனெக்ஸமிக் அசிட்டைச் சில நாள், அல்லது உடம்பு ஒத்துக்கொள்ளுமானால் சாதாரணக் கருத்தடைக் குளிசையை மூன்று மாதம் வரை வைத்தியர் கொடுப்பார். இவை எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. இரத்தக்கட்டி வந்த வரலாறு, கூடிய பிரசர், கடும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் பாமசியில் தாங்களாக வாங்கிக் குடிக்கும் விசயமும் அல்ல இது.

ஆறு மாதம் தாண்டியும் கசிவு நிற்காவிட்டால், அல்லது அடங்கியிருந்த போக்கு திடீரென்று திரும்பவும் தொடங்கினால், அல்லது கணவனோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டால், 'லூப் போட்டா அப்படித்தான்' என்று இருக்கக்கூடாது. கர்ப்பமா, தொற்றா, லூப் இடம் மாறிவிட்டதா, கட்டியா, கருப்பைக் கழுத்தில் ஏதுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்கவேண்டும். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கருப்பை உட்தோலில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்கவும் சொல்வார்கள். சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுகளில் செய்யும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையை லூப் இருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். லூப் இருந்தாலும் அந்தச் சோதனை செய்யலாம், செய்யவேண்டும்.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியின் மற்றப் பாதி: இது ஹைழா? வைத்தியரால் அதற்குப் பதில் சொல்லமுடியாது. ஆலிமால் அது கட்டியா தொற்றா என்று சொல்லமுடியாது. இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே பொருள்தான், நாட்கணக்கு. எங்கட பகுதி பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஹைழின் ஆகக்குறைந்த அளவு ஒரு பகலும் இரவும். ஆகக்கூடியது பதினைந்து நாள். இரண்டு ஹைழுக்கு இடையில் ஆகக்குறைந்த சுத்தம் பதினைந்து நாள். பதினைந்தைத் தாண்டி ஓடும் இரத்தத்தில் எது ஹைழ், எது இஸ்திஹாழா என்பதை அவளின் பழைய வழமையையும் இரத்தத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இஸ்திஹாழா உள்ளவள் தொழுவாள், நோன்பு பிடிப்பாள். ஒவ்வொரு பர்ளுக்கும் நேரம் வந்த பிறகு கழுவி, பட்டி கட்டி, உளூச் செய்துகொள்வாள். நபி (ஸல்) அவர்களிடம் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) இதே கேள்வியைத்தான் கொண்டுபோனார். அந்தக் கேள்வியில் வெட்கம் இருக்கவில்லை. எங்கட பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்?

இருபத்திரண்டு நாள் முழுக்கத் தொழுகையை விட்டிருந்த அந்தப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. வழமை ஆறு நாளாக இருந்த ஒருத்தி அத்தனை நாளும் தொழாமல் இருக்கவேண்டியதில்லை. எத்தனை நாள், எந்த நாள் என்ற தீர்ப்பை நான் சொல்லவில்லை, ஆலிமிடம் கேள் என்றேன். கேட்பதற்கு நாட்கணக்கு வேண்டும் என்பதால் சுவரில் தொங்கும் கலண்டரையே எடுக்கச் சொன்னேன். போக்கு உள்ள நாளுக்குச் சிவப்புப் புள்ளி, மண்ணிறக் கசிவுக்குப் பென்சில் புள்ளி, ஒன்றும் இல்லாத நாளுக்கு வெறுமை. எத்தனை பட்டி என்று பக்கத்தில் ஒரு இலக்கம். லூப் போட முதல் இருந்த வழமை எத்தனை நாள் என்பதை மேலே எழுதிவிடவேண்டும்; ஒரு வருசம் போனால் மறந்துவிடும். அந்த ஒரே தாளைக் கிளினிக்கிலும் காட்டலாம், மௌலவியின் மனைவி வழியாக மௌலவியிடமும் அனுப்பலாம். வைத்தியருக்கும் இதைவிடப் பெரிய உதவி இல்லை. 'கொஞ்ச நாளாப் போகுது' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் ஒன்றும் செய்யமுடியாது.

இன்னொரு சின்ன விசயம். உள்ளே விரல் வைத்து நூல் பார்ப்பதும், உள்பரிசோதனையும், லூப் போடுவதும் நோன்பை முறிக்கும் என்பதே ஷாஃபிஈ சட்டம். எனவே வழமையான தவணைகளைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நூல் பார்ப்பதை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கீழே சொல்லப்போகும் ஆபத்து அறிகுறிகளுக்கு இந்த ஒத்திவைப்பு பொருந்தாது. நோன்பைக் கழாச் செய்யலாம்.

போக்கு நின்றுபோனவர்களின் பயம் வேறு. "கெட்ட ரத்தம் உள்ளுக்குத் தேங்கி நிக்குது, அது தலைக்கேறும்" என்று உம்மம்மாமார் சொல்வார்கள். தேங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. உட்தோல் தடிக்காததால் உதிர ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதக்கணக்காகப் போக்கு இல்லாமல் இருந்த அதே உம்மம்மா அதைத் தேக்கம் என்று சொன்னதில்லை. ஆனால் இதில் ஒரு உண்மையான சிக்கல் ஒளிந்திருக்கிறது, அது மருத்துவச் சிக்கல் அல்ல. தலாக் நடந்தால் இத்தா மூன்று சுத்தங்களால் எண்ணப்படுகிறது. லூப்பால் போக்கு நின்ற பெண்ணுக்கு எதை எண்ணுவது? தெரிந்த காரணத்தால் போக்கு நின்றவள் அது திரும்பும்வரை காத்திருக்கவேண்டும் என்பது மத்ஹபின் சட்டம். அப்படி ஒரு நிலை வந்தால், லூப் இருக்கிறது என்பதைக் காழியாரிடமும் ஆலிமிடமும் மறைக்காமல் சொல்லவேண்டும். எடுத்துவிட்டால் போக்கு பொதுவாகச் சில கிழமைகளில் திரும்பும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் ஒரு பெண்ணின் மறுவாழ்வு வருசக்கணக்காகத் தொங்கும்.

இனி உண்மையில் ஆபத்தானவை. இவை அரிது. அரிது என்பதால்தான் அறிகுறிகளை மனதில் வைத்திருக்கவேண்டும்.

லூப் கருப்பைச் சுவரைத் துளைத்துப் போவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது. ஆறு ஐரோப்பிய நாடுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் போட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு ஆறு மடங்கு என்று கண்டது. ஆறு மடங்கு என்றாலும் ஆயிரத்துக்கு ஐந்தாறு பேர்தான். எங்கட பெண்கள் பெரும்பாலும் பிள்ளை கிடைத்த கையோடுதான் போடுகிறார்கள், பாலும் கொடுக்கிறார்கள். அதற்காகப் போடவேண்டாம் என்று சொல்லவில்லை. கை பழகிய ஒருவர் போடவேண்டும், ஆறு கிழமையில் ஒருமுறை காட்டவேண்டும் என்கிறேன். துளைத்துப் போன லூப் சிலவேளை ஒரு வலியும் தராது. வயிற்றுக்குள் போனது நெஞ்சுக்கு ஏறி இதயத்தில் குத்தும் என்று சொல்வதெல்லாம் கதை. ஆனால் வயிற்றறையில் குடலோடு ஒட்டிக்கொள்ளலாம், அங்கே இருந்தால் கர்ப்பத்தையும் நம்பகமாகத் தடுக்காது. ஆகவே எடுத்தே ஆகவேண்டும். பெரும்பாலும் வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், தொப்புளருகே சிறு துளையிட்டுக் கமரா வைத்து எடுப்பார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? அங்கேதான் நூல் வருகிறது. லூப்பின் அடியிலிருந்து இரண்டு மெல்லிய நூல் கருப்பைக் கழுத்துக்கு வெளியே தொங்கும். மாதம் ஒருமுறை கையைக் கழுவி, குந்தியிருந்து, விரலால் தொட்டுப் பார்க்கலாம். நூல் தட்டுப்பட்டால் போதும். கடினமான முனை தட்டுப்பட்டால் லூப் இறங்குகிறது என்று அர்த்தம். நூலே தட்டுப்படாவிட்டால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பல நேரம் அது கழுத்துக்குள் சுருண்டு கிடக்கும். ஆனால் லூப் எங்கே என்று உறுதியாகும்வரை அது இல்லை என்று வைத்துக்கொண்டு வேறு கருத்தடை பாவிக்கவேண்டும். கிளினிக்கில் முதலில் கர்ப்பச் சோதனை, பிறகு கழுத்தைப் பார்த்து நூலைத் தேடுவது, அதன்பின் ஸ்கேன். ஸ்கேனில் கருப்பைக்குள் காணவில்லை என்றால் வயிற்று எக்ஸ்ரே. லூப்பின் பிளாஸ்ரிக்கில் பேரியம் கலந்திருப்பதால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எக்ஸ்ரேயிலும் இல்லையா? அப்படியானால் அது தானாக வெளியே விழுந்துவிட்டது.

அப்படி விழுவதும் நடக்கும். ஐந்து வருசத்துக்குள் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு, அதிலும் முதல் வருசத்தில்தான் கூட. போக்கு அதிகமாக உள்ளவர்கள், கருப்பையில் கட்டி உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கழிவறையில், பட்டியில் அது போனது தெரியாமலே போய்விடும். பிறகு 'லூப் இருக்கும்போதே வயித்தில வந்திட்டுது' என்று குடும்பத்துக்குள் சண்டை. சந்தேகப்படும் கணவன்மாருக்காக இந்த வரியைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம்.

தொற்று என்பது லூப்பை விடப் போடும் நேரத்தோடு சம்பந்தப்பட்டது. போட்ட முதல் இருபது நாளில்தான் வாய்ப்புக் கூட. பிறகு மற்றப் பெண்களைப் போலத்தான். காய்ச்சல், அடிவயிற்றில் விடாத நோவு, நாற்றமுள்ள வெள்ளை, சேரும்போது நோவு என்றால் அன்றைக்கே போகவேண்டும். தொற்று என்றவுடன் லூப்பைப் பிடுங்கவேண்டும் என்பதில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் திரும்பப் பார்ப்பார்கள், தேறாவிட்டால்தான் எடுப்பார்கள். மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது. கணவனுக்கும் மருந்து தந்தால் அவரும் குடிக்கவேண்டும், அது அவமானமல்ல.

கர்ப்பம் வருவது மிக அரிது. முதல் வருசத்தில் ஆயிரத்தில் இரண்டு பேர். ஆனால் வந்தால் அதில் பாதி வரை கருப்பைக்கு வெளியே, பலோப்பியன் குழாயில் தங்கியதாக இருக்கலாம். இந்த வசனத்தை அரைகுறையாகக் கேட்டுத்தான் 'லூப் குழாய்க் கர்ப்பத்தை உண்டாக்கும்' என்ற பேச்சு. அப்படியல்ல. ஒரு தடையும் பாவிக்காத பெண்ணைவிட லூப் போட்டவளுக்குக் குழாய்க் கர்ப்பம் வரும் வாய்ப்புக் குறைவுதான். லூப் எல்லாக் கர்ப்பத்தையும் தடுப்பதால், தப்பி வரும் ஒன்றிரண்டில் குழாய்க் கர்ப்பத்தின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. ஒருபக்க அடிவயிற்றுக் கடும் நோவு, மயக்கம், தோள்முனையில் நோவு, இவை இருந்தால் கலண்டரும் கார்ட்டும் தேடவேண்டாம். பருத்தித்துறையோ தெல்லிப்பழையோ யாழ் போதனாவோ, கிட்ட எதுவோ அங்கே இரவென்றாலும் போகவேண்டும். கருப்பைக்குள்ளேயே கர்ப்பம் தங்கி, நூலும் தெரிந்தால், தொடக்கத்திலேயே லூப்பை மெல்ல இழுத்து எடுத்துவிடச் சொல்வார்கள். உள்ளே விட்டால் கருச்சிதைவும் தொற்றும் வரும் ஆபத்து எடுப்பதைவிடக் கூட. இது கருவைக் கலைப்பது என்று நினைத்து மறுத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். கருவைக் காப்பாற்றும் வாய்ப்பைக் கூட்டத்தான் அதை எடுக்கிறார்கள்.

ஹோர்மோனின் மற்ற விளைவுகளை நீட்டவில்லை. முகப்பரு, மார்பு நோவு, தலையிடி முதல் மாதங்களில் வந்து குறையும். சூலகத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கேன் ரிப்போட்டில் இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகக் கரையும் வகை. மனச்சோர்வை மட்டும் லேசாக எடுக்கவேண்டாம். எல்லோருக்கும் வராது; வந்தவளிடம் 'ஷைத்தான்ட ஊசாட்டம்' என்று சொல்லி ஓதிப் பார்த்துக்கொண்டே ஆறு மாதம் கடத்தவும் கூடாது. ஓதுங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த லூப் கூடாது. வந்து மாறியவர்கள் முதலிலேயே அதைச் சொல்லவேண்டும்.

இவ்வளவும் புத்தகத்திலும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது எங்கட நிலைமை. 1990இல் போனவர்களின் பிள்ளைகள் இன்று இரண்டு வீட்டுக்காரர். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் பிள்ளைகளைச் சேர்த்தவர்களும் புத்தளத்தில் ஒரு வீட்டை வைத்திருக்கிறார்கள். பதிவு அங்கே, வாழ்க்கை இங்கே. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் இல்லாத பெண்ணின் வீட்டுக் கதவை யாரும் தட்டமாட்டார்கள். வந்து குடியேறிய மாதமே உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைக் கொடுங்கள். மிஸ் வேற்று மதத்தவர் என்று தயங்கவேண்டாம். லூப் எங்கே போட்டது, எந்தத் திகதி, எந்த வகை என்று மட்டும் சொன்னால் போதும். கார்ட்டை ஃபோனில் படம் பிடித்துக் கணவனின் ஃபோனுக்கும் அனுப்பிவையுங்கள்.

நம்பிக்கை என்பது தானாக வராது என்பதும் எனக்குத் தெரியும். 2018இல் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாக்கட்டியைக் 'கருத்தடைக் குளிசை' என்று சொல்லிப் பள்ளிவாசலைத் தாக்கிய நாடு இது. 2013இல் கிளிநொச்சியின் கரையோரக் கிராமங்களில், சரியாக விளக்காமல் தங்களுக்குக் கருத்தடைக் குச்சி வைத்ததாகத் தாய்மார் முறையிட்டார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண் கேள்வி கேட்பதைப் பணியாளர் எரிச்சலாக எடுக்கக்கூடாது. என்ன போடுகிறீர்கள், எத்தனை வருசத்துக்கு, வேண்டாமென்றால் எப்போது எடுப்பீர்கள் என்று மூன்று கேள்வியையாவது போடும் முன்னே கேட்கவேண்டும். எடுக்கச் சொன்னால் எடுத்துத் தரவேண்டும். எடுப்பது பெரும்பாலும் ஒரு நிமிச வேலை, நூலைப் பிடித்து மெதுவாக இழுப்பது. எடுத்த பிறகு பிள்ளை வேண்டுமென்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஒரு வருசத்துக்குள் கர்ப்பமாகிறார்கள். பிள்ளை வேண்டாமென்பவர்கள் எடுப்பதற்கு ஏழு நாள் முன்பிருந்தே வேறு தடையைப் பாவிக்கவேண்டும். எத்தனை வருசம் வைத்திருக்கலாம் என்பதில் முன்பு ஐந்து என்றார்கள்; அமெரிக்காவில் 2022இல் கருத்தடைக்கு எட்டு வருசம் என்று நீட்டினார்கள். உங்கள் கார்ட்டில் எழுதியதை வைத்தியரைக் கேட்காமல் நீங்களாக நீட்டவேண்டாம்.

அந்தப் பிள்ளையைப் பெருநாள் முடிந்த கிழமையே கூட்டிக்கொண்டு போனேன். நூல் காணவில்லை. பாலூட்டும்போது போட்டது, ஐந்து மாதம் யாரும் பார்க்கவில்லை என்றதும் வைத்தியரின் முகம் மாறியதைப் பார்த்தேன். கர்ப்பச் சோதனை இல்லை என்றது. பிறகு ஸ்கேன். லூப் கருப்பைக்குள் அதன் இடத்திலேயே கிடந்தது. நூல்தான் உள்ளே சுருண்டிருந்தது. அப்படியே விடலாம், எடுக்கும்போது சிறு கருவியால் நூலை இறக்கிக்கொள்ளலாம் என்றார். கசிவுக்கு ஐந்து நாள் மருந்து. புத்தளத்திலிருந்து அவளின் தங்கை கார்ட்டைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதில் வகை என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஸ்கேன் பார்த்த டொக்டர்தான் தன் பேனையால் புதுக் கார்ட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கலண்டரை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அன்று அஸருக்கு என் வீட்டில்தான் தொழுதாள்.